செருப்பு கழன்றது தெரியவில்லை: நரம்பில் முதலில் தலைகாட்டும் தன்னுடல் தாக்குநோய்கள்

சுகர் இல்லை. பி12 சரியாக இருக்கிறது. கழுத்து எக்ஸ்ரேயில் வயதுக்கேற்ற தேய்மானம், அவ்வளவுதான். ஆனாலும் கால் மரத்துப்போகிறது, உள்ளங்கை எரிகிறது. நாலாவதாகப் பார்த்த டாக்டர் ஏ.என்.ஏ. என்றொரு ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். 'பாசிட்டிவ், 1:160, ஸ்பெக்கிள்டு' என்று ரிப்போர்ட் வருகிறது. வேலூரில் லேப் வாசலிலேயே நின்று செல்போனில் அதைத் தேடினால் முதலில் கண்ணில் படும் சொல் 'லூபஸ்'. அடுத்தது 'முழுக்கக் குணமாகாது'. அப்புறம் அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்தத் தாளுக்கு என்ன பொருள், கால் மரத்துப்போவதற்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் என்ன தொடர்பு, எப்போது ஓட வேண்டும், எப்போது நிதானமாக இருக்கலாம் என்று அடியிலிருந்து பார்ப்போம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒற்றை அறிகுறியை வைத்தோ, ஒற்றை ரிப்போர்ட்டை வைத்தோ இந்த நோய்களைப் பிடிக்க முடியாது. எவ்வளவு வேகத்தில் வந்தது, எந்தெந்த இடத்தில் வந்தது, கூடவே வேறு எது வந்தது என்ற மூன்று கேள்விகள்தான் வழிகாட்டும். மூன்றுக்கும் பதில் நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும்தான் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே அடிப்பதுதான் தன்னுடல் தாக்குநோய். டாக்டர்கள் 'ஆட்டோ இம்யூன்' என்பார்கள். முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் எல்லாம் இந்தக் குடும்பம். அடிப்பதற்கு உடம்பு பயன்படுத்தும் ஆயுதங்களில் ஒன்று ஆன்டிபாடி என்ற புரதம். எந்தப் பொருளைக் குறிவைக்கிறதோ அதன் பெயரால் ஒவ்வொரு ஆன்டிபாடியையும் அழைப்பார்கள்.

நரம்பு மண்டலத்தில் இரண்டு பகுதி. மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கை, கால், முகம், குடல் என்று கிளம்பிப் போகும் நரம்புகள் புற நரம்பு மண்டலம். பல நரம்புகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை சுற்றியிருக்கும், மின்கம்பிக்கு மேல் ரப்பர் உறை மாதிரி. உறை போனால் செய்தி மெதுவாகப் போகும் அல்லது நடுவில் நின்றுவிடும். உள்ளிருக்கும் கம்பியே போனால் திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் வளரவே வளராது. சிகிச்சையில் ஏன் இத்தனை அவசரம் காட்டுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

சுவர் விளம்பரங்களில் வரும் 'நரம்புத் தளர்ச்சி'க்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் சொல் கை நடுக்கம், பயம், தூக்கமின்மை, தாம்பத்தியச் சிக்கல் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. டாக்டரிடம் போய் 'நரம்புத் தளர்ச்சி' என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

கோட்டையும் அகழியும்

வேலூர்க் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கருங்கல் மதில், சுற்றிலும் தண்ணீர் நிரம்பிய அகழி. மூளைக்கும் இப்படி ஓர் அகழி உண்டு. ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடியும் எதிர்ப்புச் செல்களும் மூளைக்குள் எளிதில் நுழையாதபடி அங்குள்ள ரத்தக்குழாய்களின் சுவர் நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கிறது. இதை ரத்த-மூளைத் தடுப்பு என்கிறார்கள்.

ஆனால் அகழி எல்லா இடத்திலும் ஒரே ஆழம் இல்லை. முதுகெலும்பின் இரு பக்கமும், தொடு உணர்வைக் கொண்டுவரும் நரம்புச் செல்கள் குட்டிக் குட்டி முடிச்சுகளாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கே தடுப்பு பலவீனம். மூளைத்தண்டின் பின்பக்கம் வாந்தியைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னப் பகுதியில் தடுப்பே கிடையாது. ரத்தத்தில் விஷம் கலந்தால் உடனே மோப்பம் பிடித்து வாந்தி எடுக்கவைக்க வேண்டுமே, அதற்காக இயற்கை திறந்து வைத்த வாசல் அது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலும் காவல் இல்லை. தன்னுடல் தாக்குநோய் பலருக்கு எங்கே முதலில் தலைகாட்டும் என்று கேட்டால், இந்த மதில் தாழ்ந்த இடங்களைத்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சிறுநீரகத்தில் கொஞ்சம் அழற்சி வந்தால் நமக்குத் தெரியாது. நரம்பில் அதே அளவு அழற்சி வந்தால் எரிச்சலாக, மதமதப்பாக, மங்கலாக அன்றைக்கே தெரியும். நோய் நரம்பில்தான் தொடங்கியது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. நரம்பு முதலில் வாய்திறந்தது, அவ்வளவுதான்.

வேகத்தைக் கவனியுங்கள்

நரம்பியல் டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதி காலத்தைப் பற்றியே இருக்கும். 'எப்போ ஆரம்பிச்சது' என்று திரும்பத் திரும்பக் கேட்பது சும்மா இல்லை.

1. நிமிடங்களில் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது பக்கவாதம். ஆனால் முப்பது வயதுப் பெண்ணுக்குப் பக்கவாதம் வந்து, அவருக்கு முன்பே இரண்டு மூன்று கரு கலைந்திருந்தால், ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற தன்னுடல் தாக்குநோயையும் தேட வேண்டும். பிரசவ வார்டில் சொன்ன கதையை நரம்பியல் வார்டில் யாரும் தானாகச் சொல்வதில்லை.

2. சில நாட்களில், காலில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம் என்றால் கில்லன்-பாரே. 1916இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோய். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும். கேம்பைலோபாக்டர் என்ற கிருமியின் மேலுறை நம் நரம்பின் மேற்பரப்பைப் போலவே இருப்பதால், கிருமியை அடிக்கத் தயாரான ஆன்டிபாடி நரம்பையும் அடித்துவிடுகிறது. 2025 ஜனவரியில் புனேயில் கொத்தாகப் பலருக்கு வந்து செய்தியானது இதுதான்.

3. சில வாரங்களில் நடத்தை மாறி, தூக்கம் போய், வலிப்பு வந்தால் மூளை அழற்சி. ஒரு பாதம் தொங்கிப்போய், அடுத்த வாரம் இன்னொரு கையின் மணிக்கட்டு விழுந்தால் ரத்தக்குழாய் அழற்சி. பெரியவர்களான பிறகு ஆஸ்துமா வந்தவர்களுக்கு இப்படி ஆனால் இன்னும் கவனம் தேவை.

4. மாதங்களில் என்றால் ஷோகிரன் நோய் (இதுவும் கீழே வரும்) உட்படப் பல.

5. காலையில் இல்லாமல் மாலையில் வருவது தனி ரகம். மையஸ்தீனியா, கீழே வரும்.

பத்து வருடமாக மெதுவாக, இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி ஏறிவந்த மதமதப்பு என்றால் பெரும்பாலும் சுகர். அதற்கு ஏ.என்.ஏ. தேவையே இல்லை.

ஒரு பெண்ணைப் பின்தொடர்வோம்

கற்பனைதான், ஆனால் நடக்கக்கூடியது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் முப்பத்திரண்டு வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வலது கை விரல்களில் ஊசி குத்துவது போல இருக்கிறது. தையல் வேலை, கை வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறார். இரண்டு மாதம் கழித்து இடது காலில். அப்புறம் முகத்தில் ஒரு பக்கம். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி 'நரம்பு ஊசி' (பி12 கலந்த சத்து ஊசி) அஞ்சு போட்டுக்கொள்கிறார். போட்ட வாரம் தேவலாம் போலிருக்கிறது.

ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி நாலைந்து எட்டு நடந்த பிறகு கூட வந்தவள் கேட்கிறாள்: "அக்கா, செருப்பு எங்க?" ஒரு கால் செருப்பு படிக்கட்டிலேயே கழன்று விழுந்திருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை.

நம் ஊர் நரம்பியல் டாக்டர்கள் கேட்கும் அருமையான கேள்வி ஒன்று உண்டு: 'செருப்பு கழலும்போது உங்களுக்குத் தெரியுதா, தெரியலையா?' தெரிந்தே கழன்றால் பாதத்தைத் தூக்கும் தசையில் பலவீனம். தெரியாமல் கழன்றால் உணர்வு போயிருக்கிறது. இதே போல இன்னும் சில கேள்விகள். சாதம் பிசைய முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்பது விரல் தசைக்கு. தலை வாரும்போது கை சோர்கிறதா, தரையில் சம்மணம் போட்டால் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பது தோள், இடுப்புத் தசைக்கு. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறதா என்பது பாதத்திலிருந்து வரும் நிலை உணர்வுக்கு. கண் திறந்திருக்கும்வரை கண் ஈடுகட்டிவிடும். மூடியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். நம் பெண்ணுக்குக் கொல்லைப்புறக் குழாயடியில் அது நடக்கிறது. கரண்ட் போன இரவில் நடக்கச் சுவரைப் பிடிக்கிறார்.

இங்கே இடத்தைக் கவனிக்க வேண்டும். சுகரால் வருவது இரண்டு பாதத்திலும் தொடங்கி, முழங்கால் வரை ஏறிய பிறகுதான் பொதுவாகக் கை விரலுக்கு வரும். மிக நீளமான நரம்பு முதலில் அடிபடும் என்பது கணக்கு. இவருக்கு முதலில் ஒரு கை, அப்புறம் ஒரு கால், அப்புறம் முகம். நீளத்துக்கும் இதற்கும் ஒட்டவில்லை. முதுகெலும்பை ஒட்டிய அந்த முடிச்சுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாக்கப்பட்டால் இப்படி வரலாம்.

மூன்றாவது கேள்வி: கூடவே வேறு எது வந்தது? கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். தோல் தூசியும் பசை நெடியும் காரணம் என்று நினைத்திருந்தார். எப்போதும் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கும். முறுக்கோ பிஸ்கட்டோ தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடியாது. ஒரே வருடத்தில் மூன்று பல் சொத்தை. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், பல் டாக்டர் பல்லை அடைத்தார், எலும்பு டாக்டர் கைக்குப் பட்டை மாட்டினார். மூவரும் தங்கள் பங்கைச் சரியாகத்தான் செய்தார்கள். மூன்று சீட்டும் மூன்று பையில் கிடந்ததுதான் சிக்கல்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகிக்க வேண்டியது ஷோகிரன் நோய். கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும் இந்த நோயை 1933இல் விரிவாக எழுதியவர் ஹென்ரிக் ஷோகிரன் என்ற ஸ்வீடன் கண் மருத்துவர். நரம்புப் பாதிப்பு வந்த பலருக்கு, வறட்சி இருப்பதே பின்னால் விசாரித்தால்தான் தெரியவருகிறது. கீழ் இமைக்குள் சின்ன வடிதாள் துண்டு ஒன்றைச் செருகி ஐந்து நிமிடம் விட்டு, ஐந்து மில்லிமீட்டர் வரைகூட நனையவில்லை என்றால் கண்ணீர் குறைவு என்று பொருள். அப்புறம் ரத்தத்தில் இந்த நோயில் பலருக்குக் காணப்படும் ரோ என்ற ஆன்டிபாடி, தேவைப்பட்டால் உதட்டின் உட்புறத்திலிருந்து ஒரு துணுக்குச் சதை.

யாரும் நரம்பு என்று நினைக்காத நான்கு அறிகுறிகள்

1. நிற்காத விக்கல். நாள்கணக்கில் விக்கல், வாந்தி. எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை. கேஸ் மாத்திரை மாற்றி மாற்றி எழுதப்படுகிறது. பிறகு தானாக நின்றும்போகலாம். சில மாதத்தில் ஒரு கண் பார்வை போகும், அல்லது இரண்டு கால்களும் விழும். முன்பு சொன்ன, அகழி இல்லாத வாந்திப் பகுதியில் அக்வாபோரின்-4 என்ற நீர்க்கால்வாய்ப் புரதம் நிறைய உண்டு. அதற்கு எதிரான ஆன்டிபாடி 2004இல் கண்டறியப்பட்டது. நோயின் பெயர் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. பார்க்க, மைய நரம்பு மண்டலத்தின் மயலின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போலவே இருக்கும், ஆனால் அதற்குத் தரும் சில மருந்துகள் இதை மோசமாக்கும். பெயர் மாறினால் கேடு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2. குங்குமம் வெளிறித் தெரிவது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தால் சிவப்பு பழைய செங்கல் நிறமாக மங்கித் தெரியும், கண்ணை அசைத்தால் வலிக்கும், சில நாட்களில் பார்வை மங்கிக்கொண்டே போகும். பார்வை நரம்பு அழற்சி. கண்ணாடி மாற்றினால் சரியாகாது.

3. மாலையில் விழும் இமை. காலையில் எழும்போது முகம் பளிச். பொழுது சாயச் சாய ஒரு இமை தொங்கும், எதிரே வரும் பைக் இரண்டாகத் தெரியும், இரவு சாப்பாட்டில் பாதியில் தாடை சோர்ந்துபோகும், பேச்சு மூக்கால் வரும், குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பும். மையஸ்தீனியா கிராவிஸ். நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஆன்டிபாடி அடைத்துக்கொள்வதால் வருகிறது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தால் இமை மேலேறும். டாக்டர்கள் செய்யும் எளிய பரிசோதனை இது. இந்த நோய் இருப்பவர் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்குகள்கூட மூச்சுத் தசையைத் தளர்த்திவிடக்கூடும்.

4. திடீரென மாறிய பெண் பிள்ளை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் பத்து நாளாகத் தூங்கவில்லை, சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், யாரோ கொல்ல வருவதாக அலறுகிறாள். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள், அல்லது மனநல மாத்திரை தொடங்குகிறது. அடுத்து வலிப்பு, வாய் கோணி மென்றுகொண்டே இருப்பது, பேச்சு நின்றுபோவது. மூளைச் செல்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியால் வரும் மூளை அழற்சி இப்படி இருக்கும் என்று 2007இல்தான் மருத்துவ உலகத்துக்கே தெரிந்தது. பல பெண்களுக்குச் சூல்பையில் ஒரு கட்டி இருக்கும். அதை எடுத்தால் மூளை தேறும். வேப்பிலை அடிப்பதா வேண்டாமா என்று நான் சண்டை போடப்போவதில்லை. ஆனால் சில வாரத்துக்குள் புதிதாக வந்த மனக்குழப்பத்தோடு வலிப்போ காய்ச்சலோ சேர்ந்தால், அன்றைக்கே நரம்பியல் இருக்கும் ஆஸ்பத்திரி.

லூபஸில் இன்னும் நுட்பமானவை உண்டு. மறதி, தலைவலி, மனச்சோர்வு, வலிப்பு என்று நரம்பும் மனமும் சார்ந்த 19 வகைப் பாதிப்புகளை அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் 1999இல் வரையறுத்தது. 2024இல் கேம்பிரிட்ஜ், லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 676 லூபஸ் நோயாளிகளிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் மூவர் தங்கள் கனவுகள் கலவரமானதாகச் சொன்னார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது நோய் தொடங்குவதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பே வந்ததாம். நினைவிலிருந்து சொன்னது என்பதால் இதை அளந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கெட்ட கனவு கண்டவரெல்லாம் ஏ.என்.ஏ. எடுக்க ஓட வேண்டாம். ஏற்கெனவே லூபஸ் இருப்பவருக்குத் திரும்பக் கெட்ட கனவு தொடங்கினால், அதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

வேலூர் வெயில் செய்யும் வேலை

சித்திரை வைகாசியில் 40 டிகிரிக்கு மேல் போகும் ஊர். 'எல்லாம் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி' என்பது இங்கே எதற்கும் பதில். இந்த நோய்களில் வெயில் மூன்று வெவ்வேறு வழியில் குறுக்கே வருகிறது. மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மயலின் உறை சிதைந்த நரம்பு, உடல் சூடு அரை டிகிரி ஏறினாலும் செய்தி கடத்தத் திணறும். அதனால் பார்வை நரம்பு அழற்சி வந்து தேறியவருக்கு மதியம் நடந்துவிட்டு வந்ததும் பார்வை மங்கும், நிழலில் உட்கார்ந்தால் தெளியும். 1890இல் ஊட்டோஃப் என்ற ஜெர்மானியர் கவனித்தது இது. பயமாக இருந்தாலும் புதிய சேதம் இல்லை. மையஸ்தீனியாவிலும் சூடு தசையைத் தளர்த்தும், குளிர்ச்சி தேற்றும். ஐஸ் பரிசோதனையின் தத்துவமே அதுதான். லூபஸ் கதை வேறு. அங்கே குற்றவாளி சூடு இல்லை, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். அது தோல் செல்களைச் சிதைத்து எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும். கன்னத்தில் சிவப்பு, சில நாளில் மூட்டு வலி, காய்ச்சல். ஆகவே ஏ.சி. அறை முதல் இருவருக்கு உதவும், லூபஸுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும்தான் உதவும். மேகமூட்டமான நாளிலும் கதிர் வரும்.

ஆட்டோ இம்யூன் என்று முடிவு கட்டும் முன்

இந்த வட்டாரத்தில் மரத்துப்போகும் கைகாலுக்கு முதலில் விலக்க வேண்டியவை வேறு. சுகர், பி12 குறைவு, தைராய்டு, மது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பி12 குறைவிலேயே ஒரு பகுதி தன்னுடல் தாக்குநோய்தான் என்பது மட்டும் கொசுறு: வயிற்றில் பி12-ஐ உறிஞ்ச உதவும் புரதத்தை உடம்பே தாக்கிவிட்டால், கறி மீன் சாப்பிடுபவருக்கும் குறைவு வரும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்பே 'நரம்பு ஊசி' போட்டுக்கொண்டால் அளவு செயற்கையாக ஏறிக் காட்டும், உண்மை மறைந்துவிடும்.

இரண்டாவது தொழுநோய். உணர்வற்ற கையையும் காலையும் பற்றி உலகத்துக்கு வேலூர்தான் பாடம் எடுத்தது. 1940களின் பிற்பகுதியில் இங்கே வேலை செய்த அறுவைச் சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும் அழிகின்றன என்று காட்டினார். வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் 1955இல் வந்தது. நோய் குறைந்துவிட்டது, போய்விடவில்லை. நிறம் வெளிறிய, தொட்டால் தெரியாத தேமல், முழங்கைக்குப் பின்னால் கயிறு போல் தடித்த நரம்பு இரண்டையும் தேட வேண்டும். ஒரு நரம்பு விட்டு ஒரு நரம்பு விழுவதில் தொழுநோய் ரத்தக்குழாய் அழற்சியை அப்படியே ஒத்திருக்கும். ஏ.என்.ஏ.யும் முடக்குவாத ஆன்டிபாடியும்கூட இதில் பாசிட்டிவ் வரலாம். ஆட்டோ இம்யூன் என்று நினைத்து ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து இலவசம்.

மூன்றாவது, ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் கட்டாயம் கேட்க வேண்டியது: என்ன வேலை? ஷூ ஒட்டும் சில பசைகளில் இருக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பான் நரம்பைக் கெடுக்கும். இத்தாலியிலும் ஜப்பானிலும் செருப்புத் தொழிலாளிகளிடம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டது. ஆனால் அது இரண்டு பாதத்திலும் சமமாக, பலவீனத்தோடு வரும்; அதே மேசையில் இருக்கும் இன்னும் சிலருக்கும் இருக்கும். நம் கற்பனைப் பெண் பசை மேசையில் இல்லை, தையல் மிஷினில் இருந்தார். பக்கத்தில் யாருக்கும் இல்லை. டாக்டர் கேட்டால் இந்த விவரம் ஒரு எம்.ஆர்.ஐ.க்குச் சமம்.

அந்த 1:160

ஏ.என்.ஏ. என்பது செல்லின் கருவுக்கு எதிரான ஆன்டிபாடிகளின் பொதுப் பெயர். மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய், எதுவரை புளிப்பு தெரிகிறது என்று பார்ப்பது போலத்தான் அளக்கிறார்கள். 1:160 என்றால் ரத்த நீரை 160 மடங்கு நீர்த்த பிறகும் நுண்ணோக்கியில் ஒளிர்ந்தது. ஸ்பெக்கிள்டு என்பது ஒளிர்ந்த கோலம், புள்ளி புள்ளியாக.

நோயே இல்லாதவர்களை எடுத்துப் பரிசோதித்ததில் 1:160 அளவில் சுமார் 5 சதவீதம் பேருக்கு, அதாவது இருபதில் ஒருவருக்கு, பாசிட்டிவ் வந்தது. 1:40 அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு. லூபஸோ ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோய். கணக்கு போட்டுப் பாருங்கள்: காரணமில்லாமல் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்தால் பயந்தவர்கள் கூட்டம்தான் சேரும். 'ஃபுல் பாடி செக்கப்' பட்டியலில் ஏ.என்.ஏ.யைச் சேர்ப்பது என்னைக் கேட்டால் வேண்டாத வேலை. மறுபக்கம், லூபஸில் 2019 வரையறைப்படி ஒருமுறையாவது 1:80 அல்லது அதற்கு மேல் இருந்தாக வேண்டும். அதனால் நெகட்டிவ் என்பது பாசிட்டிவைவிடத் தெளிவான செய்தி. ஆனால் லூபஸுக்குத்தான் அது. அக்வாபோரின், மையஸ்தீனியா ஆன்டிபாடிகளுக்குத் தனித்தனிப் பரிசோதனை வேண்டும், ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்று அவற்றை விலக்க முடியாது.

விலை குறைந்த இன்னொரு பரிசோதனையை யாரும் மறக்கக் கூடாது. சிறுநீரில் புரதம். நரம்புக்காக வந்தவரின் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருப்பதை அது காட்டிக்கொடுக்கும்.

'நரம்பு டெஸ்ட் நார்மல்' என்பதற்கும் எல்லை உண்டு. கரண்ட் வைத்துப் பார்க்கும் அந்தப் பரிசோதனை தடித்த நரம்புகளைத்தான் அளக்கும். சூட்டையும் எரிச்சலையும் கொண்டுபோகும் மெல்லிய நரம்புகள் அதில் தெரியாது. அதற்குத் தோலில் மிளகளவு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். எரியுது என்கிறவரிடம் ரிப்போர்ட் நார்மல், உனக்கு மனசுதான் என்று சொல்லிவிடுவது அவசரத் தீர்ப்பு.

தாமதம் எங்கே கேடாகும்

மூச்சு வாங்குவது, விழுங்க முடியாதது, இரண்டு மூன்று நாளில் ஏறும் பலவீனம், இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியது போன்ற உணர்வோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது, நாளுக்கு நாள் மங்கும் ஒரு கண், புதிய வலிப்பு. இவற்றில் எதற்கும் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்கக் கூடாது. நேரே அவசரப் பிரிவு. 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஊர் வேலூர், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தூரம் சாக்காகாது.

சிகிச்சை நோய்க்கு நோய் மாறும். பார்வை நரம்பு அழற்சிக்கும் தண்டுவட அழற்சிக்கும் ஸ்டீராய்டு சில நாள் ரத்தக்குழாய் வழியே ஏறும். கில்லன்-பாரேக்கு ஸ்டீராய்டு பயன் தராது. இம்யூனோகுளோபுலின் (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி) அல்லது பிளாஸ்மா மாற்று (ரத்த நீரை எடுத்துவிட்டு வேறு திரவம் ஏற்றுவது)தான். நியூரோமைலைட்டிஸில் ஒவ்வொரு தாக்குதலும் கொஞ்சம் பார்வையையோ நடையையோ நிரந்தரமாக எடுத்துப்போகும் என்பதால், நன்றாக இருக்கும்போதும் தடுப்பு மருந்து தொடர வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்கும் முன் காசநோயும் ஹெபடைட்டிஸ் பியும் உள்ளே உறங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் இதைத் தாண்டிப்போக முடியாது. மாதக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டை, முகம் ஊதிவிட்டது என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆம்பூர்ப் பெண்ணுக்கு ரோ ஆன்டிபாடி பாசிட்டிவ் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நரம்பு எரிச்சலுக்கு மாத்திரை, அழற்சிக்குச் சிகிச்சை, கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர் எல்லாம் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு கேள்வி பாக்கி: அடுத்த குழந்தை வேண்டுமா? ரோ ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே போய், நூறில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் சிசுவின் இதய மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். அதனால் கர்ப்பம் தரித்த பிறகு 16ஆவது வாரத்திலிருந்து சிசுவின் இதயத் துடிப்பை எக்கோவில் பார்க்கச் சொல்வார்கள். இந்த வகை நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைத் தொடரவும் சொல்வார்கள். பேறுகாலச் சீட்டின் முதல் பக்கத்தில் 'ரோ பாசிட்டிவ்' என்று சிவப்பு மையில் எழுதச் சொல்லி அவரே கேட்க வேண்டும்.